கீரிமலையிலிருந்து தெல்லிப்பழை வரை

யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்படும் காங்கேசன்துறை வீதி வடக்கு நோக்கி ஏறத்தாழ 12 மைல் தூரம் ஓடிக் கடற்கரையை அடைகின்றது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என மணி கோத்தாற்போல ஊர்கள் அதன்மேல் வரிசையாக அமைந்திருக்கின்றன. புகையிரதப் பாதையும் வீதிக்குத் துணையாகச் செல்கின்றது. 1990 ஆம் ஆண்டில் நின்றுபோன புகையிரதம் 2015 சனவரியிலேதான் மீண்டும் காங்கேசன்துறையைக் கண்டது. இடைப்பட்ட காலத்திற் பிறந்து வளர்ந்த மாணாக்கர் பலருக்கு, அவ்வீதியின் வடகோடியிலுள்ள ஊர்கள் ஆச்சிமார் சொல்லும் கதையாகவே இருந்தன.

இவ்வீதியில் வடக்கு நோக்கிச் செல்லும் பஸ் வண்டியில் ஏறுவோரைப் பார்த்த அளவிலேயே அவர் எங்கே இறங்குவார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பித்தளைச் செம்பும் தருப்பைக் கட்டும் வைத்திருப்பவர் கீரிமலைக்குச் செல்பவர். அர்ச்சனைத் தட்டு வைத்திருப்பவர் மாவிட்டபுரத்திலோ துர்க்கையம்மன் கோயிலடியிலோ இறங்குபவர். பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை நான்காக மடித்துப் பையினுள் மறைத்து வைத்திருப்பவர் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குச் செல்பவர். அக்கொப்பி கிளினிக் கொப்பி. நாம் இம்மூன்றாம் வகையினராக ஓராண்டுக்கு மேல் இவ்வீதியிற் பயணஞ் செய்தோம். எமது நோய் இருதயத்திலும் இல்லை, ஈரலிலும் இல்லை. மனச்சோர்வு என்று வைத்தியர் கொப்பியில் எழுதினார். கல்லூரியிற் படிப்பிக்கும் ஒருவர் இதனைப் பத்திரிகையில் எழுதுவது தகுமா என்று கேட்போரும் உளர். நீரிழிவைப் பற்றி எழுதினால் அவ்வாறு எவரும் கேட்பதில்லை.

வீதியின் முடிவிலிருந்தே தொடங்குவோம். மாவிட்டபுரத்தில் இடப்பக்கந் திரும்பிச் சென்றாற் கீரிமலை. பெயரைக் கேட்டு மலையைத் தேடி வருவோர் ஏமாறுவர். கடலோரத்தே சற்று உயர்ந்து கிடக்கும் சுண்ணக்கற் பாறையே அங்குள்ள மலை. அதன் அடியிற் கேணி. கேணிச் சுவருக்கு அப்பாற் கடல். அலை எழும்போது உவர்நீர்த் திவலைகள் நன்னீரிற் குளிப்போரின் தலைமீது வந்து விழும். ஆண்களுக்குத் திறந்த கேணியும் பெண்களுக்கு மதில் சூழ்ந்த தனிக் கேணியும் உண்டு.

கடலின் மடியிலே நன்னீர் எவ்வாறு வந்தது? நமது குடாநாட்டில் ஆறென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கியாற்றின் கரையிலுள்ளோர் எம்மைப் பொறுத்தருள்வாராக. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழை, செம்மண்ணினூடே கீழிறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. நன்னீர் பாரங் குறைந்தது; ஆதலால் அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. எமது கிணறுகளில் நாம் அள்ளுவது அதனையே. எஞ்சியது நிலத்தடியே மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்ந்து, கரையோரத்தில் வாய் கண்ட இடத்தில் ஊற்றெடுக்கின்றது. கீரிமலைக் கேணி அத்தகைய வாய்களுள் ஒன்று. உவமை தேடும் புலவருக்கு இது நல்ல விருந்து. புவியியல் படிப்பிக்கும் நாம் அதனை அவர்களுக்கே விட்டுவிடுகின்றோம்.

சைவர்களுக்குக் கீரிமலை நீராடும் துறை மாத்திரமன்று; துக்கத்தை இறக்கி வைக்கும் துறையும் அதுவே. ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோர் அங்கே கூடுவர். சித்திரா பூரணையில் தாயை இழந்தோர் விரதமிருப்பர். 31 ஆம் நாள் அந்தியேட்டிக்கு மடங்கள் உள. துக்கத்துக்கு நம் முன்னோர் வகுத்த ஒழுங்கை எண்ணுந்தோறும் எமக்கு வியப்புண்டாகின்றது. எட்டாம் நாள் எட்டுச்செலவு. 31 ஆம் நாள் அந்தியேட்டி. ஆண்டு நிறைவில் ஆட்டைத் திவசம். எவர் எப்போது அழலாம், எவர் எப்போது சமைத்துக் கொடுக்க வேண்டும், சுற்றத்தார் எந்நாளில் தத்தம் வீடு திரும்பலாம் என்பனவெல்லாம் எழுதாச் சட்டமாக இருக்கின்றன. துக்கமுற்றவனை எவரும் "இன்னும் ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதில்லை. நாள் குறித்த துக்கம் அது.

எமது அன்னையாரின் அந்தியேட்டியும் அங்கேதான் நிறைவேறியது. ஐயர் சொல்லியபடி யாவுஞ் செய்து, கேணியில் மூழ்கி எழுந்து, ஈரவேட்டியோடு கரையேறினோம். சுற்றத்தார் மதிய உணவருந்திச் சென்றனர். அடுப்பு வழமைக்குத் திரும்பியது. நாம் மாத்திரம் திரும்பவில்லை.

இதனைத் துக்கம் என்று சொல்வதற்கில்லை. துக்கம் அலையலையாக வரும். இடையிடையே இறந்தவரைப் பற்றிய ஒரு நகைச்சுவைக் கதைக்குச் சிரிக்கவும் விடும். எமக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன்பின் நித்திரை இல்லை. சோறு மணலாக இருந்தது. திருத்துவதற்குக் கொணர்ந்த விடைத்தாட் கட்டு மேசையின் மேல் மூன்று வாரம் அவிழ்க்கப்படாமற் கிடந்தது. எமது கிணற்றடி வீட்டிலிருந்து இருபதடி தூரத்தில் இருப்பது. அது இருபது மைலாயிற்று. குளியாமலே கல்லூரிக்குச் சென்ற நாள்களும் உண்டு. இவற்றினுங் கொடியது ஓர் எண்ணம். இப்பிள்ளைகளுக்கு இத்தகையவன் ஆசிரியனாக வாய்த்தது அவர்கள் செய்த தீவினை என்பதே அது. பத்தொன்பது ஆண்டுகள் படிப்பித்ததும், பல்கலைக்கழகஞ் சென்ற மாணாக்கர் கடிதம் எழுதியதும் அவ்வெண்ணத்தின் முன் செல்லாக் காசுகளாயின. தன்னைத் தானே இழிவாக எண்ணும் இந்நிலை துக்கத்தில் இல்லை, சோர்விலே உண்டு என்று சிக்மண்ட் பிராய்ட் 1917 ஆம் ஆண்டிலேயே பிரித்துக் காட்டியிருக்கின்றார். அவருடைய கொள்கைகள் பலவற்றை நாம் ஏற்பதில்லை, இதனை ஏற்கின்றோம்.

நம்மவர் வாயில் "மனச்சோர்வு" என்ற சொல் வருவதில்லை. "ஒரே யோசனையாக் கிடக்கு" என்பர். "நெஞ்சு அடைக்குது" என்பர். "ஒண்டுக்கும் ஏலாமல் கிடக்கு" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவர். மனம் நோகும்போது உடம்பைக் காட்டுவதே நமது வழக்கம். ஆதலால் நெஞ்சு நோவென்று வைத்தியரிடஞ் செல்வர். இருதயம் நன்றாக இருக்கின்றதென்று சொல்லிச் சத்துக் குளிசைகளோடு அனுப்பிவிடுவர். நோய் வீட்டிலேயே இருக்கும். எமக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. பின்னர் ஓர் ஊரிலே குறி பார்ப்பவரிடஞ் சென்று நூல் கட்டினோம். கண்ணூறு என்றார். அவர் வாங்கிய தட்சணையைக் குறித்து எமக்கு இன்றும் மனக்குறை உண்டு. ஊரைச் சொல்லாது விடுகின்றோம்.

வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்வதென்று முடிவு செய்தவர் எமது மனைவியார். அன்று மாலை எமது தாய்மாமனார் வந்திருந்தார். செய்தியைக் கேட்டதும் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"பிள்ளை, விசர் ஆஸ்பத்திரிக்கோ? நாளைக்குப் பெட்டைக்குக் கலியாணம் பேச வேண்டாமோ?"

மனைவியார் அடுப்படியில் நின்றவாறே மறுமொழி சொன்னார். "மாமா, கலியாணம் பேசத் தகப்பன் இருக்கவேணுமல்லோ."

மாமனார் மீண்டும் கதிரையில் அமர்ந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அவரை நாம் குறை கூறமாட்டோம். அவர் வளர்ந்த காலத்தில் மனநோய்க்கு வைத்தியசாலை என்றால் கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடையே நினைவுக்கு வரும். 1926 இல் அமைந்த அவ்விடத்தின் பெயர், ஒருவரை இகழும் சொல்லாகவே நாடெங்கும் வழங்கிற்று. அங்கே போனவர் திரும்பார் என்பது ஊரின் நம்பிக்கை. 2005 இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, அந்தந்த மாவட்டத்திலேயே பொது வைத்தியசாலைகளில் மனநோய்க்குச் சிகிச்சை அளித்தல் வேண்டும் என்பதை நோக்கமாகக் கொண்டது. ஆயினும் கொள்கை மாறிய வேகத்தில் மாமனார்மார் மாறுவதில்லை.

இங்கே வாசகரை மாவிட்டபுரத்தில் சற்று இறக்கிவிட விரும்புகின்றோம். கந்தசுவாமி கோயிலின் கதையை நமது பிள்ளைகள் அறிவார்கள். சோழன் மகள் மாருதப்புரவீகவல்லிக்குத் தீராத நோய். முகமும் குதிரை முகமாயிற்று. முனிவர் ஒருவரின் சொற்படி அவள் கடல் கடந்து வந்து கீரிமலையில் நீராடினாள், முகம் மாறியது. மா, அஃதாவது குதிரை, விட்ட புரம் மாவிட்டபுரம் ஆயிற்று. நன்றி மறவாத அவள் முருகனுக்குக் கோயில் எடுத்தாள். இதற்கும் முன்னே கீரிமுகங் கொண்ட நகுலமுனிவர் அதே நீரில் மூழ்கித் தம் முகத்தைப் பெற்றார் என்று கீரிமலையின் கதை கூறும். யாழ்ப்பாண வைபவமாலை முதலிய நூல்கள் வழியாக இக்கதைகள் வழங்கி வருகின்றன. வரலாற்று ஆசிரியர் இவற்றை எவ்வாறு மதிப்பர் என்பது வேறு பேச்சு.

எமக்கு இக்கதையில் மூன்று செய்திகள் தோன்றுகின்றன. முதலாவது, அரசன் தன் மகளை அந்தப்புரத்திற் பூட்டி வைக்கவில்லை. முகம் இப்படியாயிற்றே, நாளைக்கு யார் கொள்வார் என்று மறைக்கவில்லை, பரிவாரத்தோடு அனுப்பினான். இரண்டாவது, அவள் ஒருமுறை மூழ்கியவுடன் திரும்பிவிடவில்லை. கூடாரமடித்துத் தங்கினாள், நாள்தோறும் நீராடினாள். மூன்றாவது, முகம் மாறியபின் மூலையில் இருக்கவில்லை. கோயில் எழுப்பும் பெரும்பணியில் இறங்கினாள். பழைய கதையினுள் வைத்திய நூல் இருக்கின்றதென்று நாம் சாதிக்கவில்லை. வெட்கத்தை ஒரு நோயாக எண்ணி, நோய்க்குச் செய்வதைச் செய்த தந்தை ஒருவன் நம் கதையில் இருக்கின்றான் என்பதே நாம் சொல்ல வருவது. அதே கோயிலின் வாயிலில் 1968 ஆம் ஆண்டு, சாதியின் பெயரால் மனிதரை வெளியே நிறுத்தினார்கள் என்பதையும் மறத்தலாகாது. முகம் மீண்ட தலத்தில் முகம் இழந்து நின்றவர்களும் உளர்.

இனித் தெல்லிப்பழை. தமிழுக்கும் சைவத்துக்கும் மாத்திரமன்றி ஆங்கிலக் கல்விக்கும் பழைய ஊர் அது. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் பாடசாலை தொடங்கிய இடம்; 1910 இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனாவைத் தொடங்கிய இடம். அவற்றை விரித்தெழுதப் பலர் இருக்கின்றார்கள். நாம் வைத்தியசாலைக்குட் செல்வோம்.

"இஞ்சாருங்கோ, வெளிக்கிடுங்கோ" என்று மனைவியார் எம்மை அழைத்துச் சென்ற அன்று, தெரிந்த மாணாக்கர் எவரேனும் கண்டுவிடுவரோ என்று குடையைத் தாழ்த்திப் பிடித்தவாறே வாயிலைக் கடந்தோம். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை. உள்ளே வாங்கில் இருந்தவர்களைப் பார்த்தபோது எமது குடையை எண்ணி நாணினோம். தபாற்கந்தோர் ஊழியர் ஒருவர், கைக்குழந்தையோடு ஓர் இளந்தாய், மீன்பிடித் தொழிலாளி, வெள்ளைச் சீருடையில் ஒரு மாணவி, அருகே அவள் தந்தை. எல்லோரும் நம் ஊரார்.

வைத்தியர் முதலில் நெஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை; நித்திரையைப் பற்றிக் கேட்டார். இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியில் மனம் தாழ்ந்திருக்கிறதா, முன்பு விரும்பியவற்றில் விருப்பம் அற்றுப்போயிற்றா, உயிர் வாழ்வதில் வெறுப்புண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நாம் உடனே விடை சொல்லவில்லை, அவர் காத்திருந்தார். பிறகு சொன்னோம். அவர் திடுக்கிடவுமில்லை, எம்மைக் கண்டிக்கவுமில்லை. குருதிப் பரிசோதனைக்கு எழுதினார். தைரொயிட் சுரப்பி குறைந்தாலும், குருதிச்சோகை இருந்தாலும் இதே சோர்வு தோன்றக்கூடும் என்று விளக்கினார். எமக்கு அவை இரண்டும் இல்லை.

மருந்தைப் பற்றி அவர் சொன்னதை எழுதுவது பலருக்கும் பயன்படும். இம்மருந்து தலையிடிக் குளிசையைப் போன்றதன்று. நாக்கு வறட்சி, குமட்டல், தூக்க மயக்கம் முதலிய தொல்லைகள் முதல் நாள்களிலேயே வரலாம். நன்மையோ இரண்டு முதல் நான்கு வாரங் கழிந்தே தலைகாட்டும். சிலருக்கு இன்னுஞ் செல்லும். தொல்லை முந்தியும் நன்மை பிந்தியும் வருவதால், இடையிலே மருந்தை எறிந்துவிடுவோர் மிகப் பலர். இம்மருந்துகளின் வரலாறும் நீண்டதன்று. சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்னும் வைத்தியர், இமிப்பிரமின் என்ற மருந்து சோர்வுற்றோரைத் தேற்றுவதைக் கண்டு 1957 இல் வெளியிட்டார். எமது பாட்டனாருக்கு இந்நோய் வந்திருந்தால் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இருந்திராது. எமக்கு இருந்தது.

மூன்றாவது கிளினிக்கில் எமக்குப் பக்கத்தில் மயிலிட்டி ஆச்சி ஒருவர் இருந்தார். 1990 இல் ஊரைவிட்டு வந்தவர். 2017 இல் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபின் போய்ப் பார்த்தபோது, வீடிருந்த இடத்தைக் கிணற்றை வைத்தே அடையாளங் கண்டாராம். எமது கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, குளிசை எத்தினை மாதமாய்ப் போடுறியள்?"

"இரண்டு மாதம், ஆச்சி. இன்னும் ஒண்டும் தெரியேல்லை."

"விடியக் காலமை எத்தினை மணிக்கு முழிக்கிறியள்?"

"நாலரை இருக்கும்."

"முந்தி?"

"மூண்டு."

"பிறகென்ன, ஒண்டரை மணித்தியாலம் கிடைச்சிருக்கு. அதைத் தெரியேல்லை எண்டுறியள்."

படித்தவர் எவரும் எமக்கு அவ்வளவு தெளிவாகக் கணக்குச் சொன்னதில்லை.

மருந்தோடு உளவளத்துணையும் உண்டு. போர்க் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் அவர்களும் அவரோடு பணியாற்றியோரும், மேனாட்டு முறைகளோடு நம் மக்களுக்குப் பழக்கமான முறைகளையும் சேர்த்துச் சிகிச்சை வழங்கினர். மூச்சை நிதானித்து விடுதல், சைவர் மந்திரத்தையும் கத்தோலிக்கர் செபத்தையும் முஸ்லிம்கள் திக்ரையும் மெல்லச் சொல்லி உடம்பைத் தளர்த்துதல் முதலியன அவ்வழி வந்தவை. போரின் மனக்காயங்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1998 இல் வெளிவந்தது. எமக்கும் மூச்சுப்பயிற்சி கற்பிக்கப்பட்டது. மாவிட்டபுரத்து நேர்த்தியை நிறைவேற்றலாமா என்று மனைவியார் கேட்டபோது, "தாராளமாகச் செய்யுங்கள், குளிசையையும் விடாதீர்கள்" என்பதே வைத்தியரின் விடை.

உளவளத்துணையாளர் எம்மிடம் ஒரு வெற்றுக் கொப்பியைக் கொடுத்து, நாள்தோறும் செய்த மூன்று காரியங்களை எழுதச் சொன்னார். நினைத்தவற்றையல்ல, செய்தவற்றை. முதல் வாரத்துப் பக்கத்தை இங்கே தருகின்றோம். "குளித்தேன். செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டேன். மகளின் கொப்பிக்கு உறை போட்டேன்." ஒரு பட்டதாரி ஆசிரியரின் நாட்குறிப்பு இது! எழுதும்போது கை கூசிற்று. ஆனால் அவருடைய கருத்து வேறு. விருப்பம் வந்தபின் செய்வோம் என்று காத்திருந்தால் சோர்வுற்றவனுக்கு விருப்பம் வரவே வராது. சிறிதாக ஒன்றைச் செய்தால், விருப்பம் அதன் பின்னே மெல்ல வரும். குளியலை அவர் முதலில் வைத்ததும் இதனாலேயே. விடியற்காலையிற் கிணற்றடிக்குச் செல்வது, வெயிலில் அரைமணி நேரம் நடப்பது, குறித்த நேரத்திற் படுப்பது, மதுவைத் தொடாதிருப்பது, பசி இல்லையாயினும் உணவு வேளைக்கு வீட்டாரோடு அமர்வது என ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒரே நாளில் எல்லாவற்றையுஞ் சுமத்தவில்லை.

எண்ணங்களையும் எழுதச் சொன்னார். 1960 களில் அமெரிக்காவிலே ஆரோன் பெக் என்னும் உளமருத்துவர் வகுத்த முறையின் வழிவந்தது இது. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று எழுதிக் கொடுத்தோம். அவர் வாசித்துவிட்டு, "சேர், இதற்குச் சான்று என்ன?" என்று கேட்டார். நில அளவைப் படத்தைக் காட்டி மாணாக்கரிடம் இதே கேள்வியைப் பத்தொன்பது ஆண்டுகளாகக் கேட்டவர் நாம். விடைத்தாள்கள் திருத்தப்படாமற் கிடக்கின்றன என்றோம். அது சோர்வுக்குச் சான்று, உதவாமைக்குச் சான்றன்று என்றார். அடுத்த முறை வரும்போது ஐந்து தாள்களைத் திருத்தி வரச் சொன்னார். ஐம்பதல்ல, ஐந்து.

இழந்த தன்மதிப்பைப் புகழ்ச்சியால் மீட்கலாம் என்று நண்பர்கள் எண்ணுகின்றனர். ஆசிரியர் அறையில் எமது திறமையைப் பலர் எடுத்துரைத்தனர். நல்லெண்ணத்தோடு சொன்னதே, ஆயினும் ஒவ்வொரு புகழ்ச்சியும், நாம் அவர்களை ஏமாற்றுகின்றோம் என்ற எண்ணத்தையே கூட்டிற்று. திருத்திய ஐந்து தாள்கள் அவ்வாறு செய்யவில்லை. அவை மேசைமீது இருந்தன. அவற்றை மறுக்க முடியவில்லை. ஒருநாள் உயர்தர வகுப்பில் நிலத்தடி நீர் என்னும் பாடத்தை எடுத்தோம். பாடம் சிறப்பாக அமைந்தது என்று சொல்வதற்கில்லை. சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. ஆனால் மணி அடிக்கும்வரை நின்றோம். வெளியேறும்போது பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், "சேர், கீரிமலைத் தண்ணி ஏன் முழுக்க உவர்க்கேல்லை?" என்று கேட்டான். இடைவேளை முழுவதும் அவனுக்குக் கரும்பலகையிற் படம் வரைந்து காட்டினோம். அன்றைய கொப்பியில் மூன்று காரியங்களுக்குப் பதிலாக நான்கு எழுதினோம்.

ஐந்தாம் மாதத்தில், இனி மருந்து எதற்கு என்று எமக்குத் தோன்றியது. வைத்தியர் சம்மதிக்கவில்லை. குணமடைந்தபின்னரும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்தல் வேண்டும், நிறுத்தும்போதும் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும், திடீரென விட்டால் தலைச்சுற்றலும் அமைதியின்மையும் வரும், நோயும் திரும்பலாம் என்றார். மாருதப்புரவீகவல்லி கூடாரமடித்துத் தங்கியது நினைவுக்கு வந்தது, தொடர்ந்தோம்.

வீட்டில் இத்தகைய ஒருவர் இருப்பாராயின், உற்றாருக்கு ஒரு வார்த்தை. "மனதைத் திடப்படுத்து" என்று சொல்வதாற் பயனில்லை. கால் முறிந்தவனிடம் ஓடு என்று எவரும் சொல்வதில்லை. உயிரை வெறுத்துப் பேசினால், அதனை வெறும் பேச்சென்று தள்ளாது நேரே கேட்டு விசாரியுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை. அவரைத் தனியே விடாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவாயின் 1926 என்ற இலக்கத்தைத் தொலைபேசியில் அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். அங்கொடை பிறந்த ஆண்டே இன்று துணைக்கு அழைக்கும் இலக்கமாயிற்று. தற்கொலை முயற்சி 1998 இல் குற்றச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆதலாற் பொலிசுக்கு அஞ்சி எதையும் மறைக்க வேண்டியதில்லை. வைத்தியசாலைக்கு நோயாளரோடு ஒருவர் செல்வது நன்று. சோர்வுற்றவர் வைத்தியர் சொல்வதிற் பாதியை மறந்துவிடுவார்.

எமது மாமனார் ஆறாம் மாதத்தில் எம்மோடு கிளினிக்குக்கு வந்தார். எமக்குத் துணையாக என்றே சொன்னார். வாங்கில் இருந்தபடி, மாமியார் போனதிலிருந்து தமக்கும் நித்திரை குறைவென்று தாதியிடம் மெல்லச் சொல்வது எமது காதில் விழுந்தது. இப்போது அவரிடமும் ஒரு கொப்பி இருக்கின்றது. அதனை ஒரு தேவாரப் புத்தகத்தினுள் வைத்துக் கொண்டு வருகிறார். வைக்கட்டும்.

கிளினிக் நாளில் மருந்து வாங்கி முடிய முற்பகல் ஆகிவிடும். வீதியின் எதிர்ப்பக்கத்தில் நின்றால் யாழ்ப்பாணம் திரும்பும் பஸ்; வாயிற் பக்கத்திலேயே நின்றாற் கீரிமலை பஸ். ஆச்சியும் வேறு சிலரும் வாயிற் பக்கத்தில் நிற்பதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். பிற்பகலிற் கேணியிற் கூட்டம் குறைவு, வெயிலுக்கு நீர் இதமாக இருக்கும் என்று ஆச்சி சொன்னார். நாமும் மாமனாரும் அப்பக்கத்திலேயே நிற்கின்றோம். பையினுள் கொப்பியோடு துவாய் ஒன்றும் இருக்கும்.